நூரி லத்தி போட்ட நாள்

குதிரைக்கு வாந்தி வராது; எங்கள் தொழிலின் கஷ்டம் முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

நமக்கு வயிறு சரியில்லை என்றால் வாய் வழியாக ஒரு வழி இருக்கிறது. குதிரைக்குக் கிடையாது. உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வந்தாக வேண்டும். அதன் பெருங்குடல் பெரிய சமாசாரம். பெரும்பகுதி எதிலும் கட்டப்படாமல் வயிற்றுக்குள் சும்மா கிடக்கும். காற்று சேர்ந்தால் மிதக்கும். மிதந்தால் இடம் மாறும். முறுக்கிக்கொள்ளும், இல்லையென்றால் எங்காவது ஏறி மாட்டிக்கொள்ளும். வயிற்றைத் திறந்து அதைப் பழைய இடத்தில் வைப்பது என் வேலை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ராஜகீழ்ப்பாக்கத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருக்காகவோ உட்கார்ந்து, "இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது" என்ற பதிலைக் கேட்டவர்கள் இதைப் படிக்கலாம். அந்தப் பதிலைச் சொல்கிறவனும் அதே வராந்தாவில்தான் காத்திருக்கிறான்.

போர்டு

நான் அரசாங்க வேலையிலிருந்து ரிடையர் ஆன வருஷம் என் மனைவி கிரேஸ் இறந்துபோனாள். வீட்டில் உட்கார முடியவில்லை. மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, மூடிக்கிடந்த ஓர் அரிசி மில்லை வாடகைக்குப் பிடித்தேன். நெல் காயவைத்த களத்தில் குதிரையை நடத்தலாம். மில்லுக்குள் தேங்காய் நார் அடைத்த பெரிய மெத்தை போட்டால் ஆபரேஷன் தியேட்டர். கூரையில் ஆஸ்பெஸ்டாஸுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஷீட் இருந்தது. கரண்ட் போனாலும் வெளிச்சம் வரும். வேறென்ன வேண்டும்?

'குதிரைகளுக்கு அறுவை சிகிச்சை' என்று போர்டு எழுதி மாட்டினேன். முதல் மாதம் கோழி வந்தது. நாய் வந்தது. சினை ஆடு வந்தது. கிளி வந்தது. எல்லாரையும் போர்டைப் படிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். எதிரே இட்லிக் கடை வைத்திருந்த சரோஜாம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று வேளையும் அவள் கடையில்தான் எனக்குச் சாப்பாடு. ஒரு நாள் சாம்பார் ஊற்றும்போது கேட்டாள்: "குதிரையே இல்லாத ஊர்ல குதிர டாக்டரு. மீனே இல்லாத கொளத்துல தூண்டி போட்டுகினு குந்திகினுகிறியே சார், இன்னா கணக்கு இது?"

நடை

குதிரைகள் இல்லாமல் இல்லை. கிண்டியில் ஓடி ஓய்ந்தவை இருந்தன. சினிமாவுக்கு வாடகைக்குப் போகிறவை இருந்தன. கோவளம் ரோட்டுத் தோட்டங்களில் பணக்காரர்கள் வைத்துவிட்டு மறந்தவை இருந்தன. வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் வந்தது. என்னிடம் அவை வந்த நேரம்தான் சரியில்லை.

குதிரைக்கு வயிறு வலித்தால் உட்கார விடாமல் நடக்க வைக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார்கள். லேசான வலி என்றால் சரி. குடல் முறுக்கிய குதிரையை நடத்துவது, கால் முறிந்தவனை மாடிப்படி ஏற்றுவது மாதிரி. சிறுசேரிப் பக்கம் அப்போது எல்லாம் சவுக்குத் தோப்பு. அங்கே ஒரு தோட்டத்துக் காவல்காரர், முதலாளி ஊரில் இல்லாத நேரம், தவிட்டு நிறக் குதிரை ஒன்றை விடியற்காலையிலிருந்து தோப்பைச் சுற்றிச் சுற்றி நடத்தியிருக்கிறார். பிறகு என் ஞாபகம் வந்து, ரோட்டோடு நடத்தியே கூட்டி வந்தார். மில் வாசலில் அது முன்னங்கால் மடித்து விழுந்தது. ஈறு கறுத்திருந்தது. ஊசியை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. காவல்காரர் கயிற்றை விடவில்லை. அவர் காலும் வீங்கியிருந்தது. "நடந்தா சரியாய்டும்னாங்க சார். நானும் நடந்தேன், அதுவும் நடந்துச்சி, ஒருத்தருக்கும் சரியாவல."

எடுப்பு ஆள்

குதிரையைப் படுக்க வைக்க ஆள் வேண்டும். புரட்ட ஆள் வேண்டும். எழும்போது தலைக்கயிறும் வால்கயிறும் பிடிக்க ஆள் வேண்டும். குரோம்பேட்டையில் மூட்டை தூக்கும் ஏழுமலையும் அவன் ஆட்களும் வந்தார்கள். மயக்க மருந்துக்கு மனோகர். அவன் அரசாங்கக் கால்நடை டாக்டர், என்னிடம் வேலை கற்றவன் இல்லை, என்னைத் திட்டிக்கொண்டே உதவி செய்தவன். "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா சார்" என்பது அவனுடைய வணக்கம்.

முதல் தடவை வயிற்றைத் திறந்து பெருங்குடலை வெளியே எடுத்து, பக்கத்தில் விரித்த தார்ப்பாயில் கிடத்தினேன். காற்றடைத்த லாரி டியூப் மாதிரி அது வந்துகொண்டே இருந்தது. ஏழுமலையின் ஆட்களில் இருவர் வெளியே ஓடிவிட்டார்கள். ஏழுமலை ஓடவில்லை. குனிந்து பார்த்தான். குதிரையைப் பார்த்தான். மறுபடி குடலைப் பார்த்தான். "லோடு ஏத்தும்போது இவ்ளோதான் புடிக்கும்னு ஒரு அளவு கீது சார். இத உள்ள ஏத்துனவன் எங்கள மாரி நாலு பேர வெச்சிருப்பான்."

கேள்வி

காதர் பாய் பல்லாவரத்துக்காரர். கல்யாணங்களுக்குக் குதிரை விடுவார். ஒரே குதிரை, வெள்ளைப் பெட்டை, பெயர் நூரி. ஐப்பசி மழையில் ஒரு காலை, டெம்போவில் அவளை ஏற்றி வந்து இறக்கினார். உடம்பெல்லாம் வியர்வை. தன் விலாவைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முன்னங்காலால் தரையைக் கிளறினாள்.

தோள் வரை கையுறை மாட்டி உள்ளே கை விட்டுப் பார்த்தேன். இடது பக்கம், மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில், கொடியில் போட்ட ஈரப்புடவை மாதிரி பெருங்குடல் ஏறித் தொங்கியது. சேர்க்கும்போது எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டேன். என்ன தின்றாள், எப்போது கடைசியாக லத்தி போட்டாள், கொட்டகையில் கூட என்ன மிருகம் இருக்கிறது. குதிரை கூட்டத்து மிருகம், அதனால் கேட்பேன். கடைசிக் கேள்விக்கு பாய் அவசரமாகத் தலையாட்டினார். "யாரும் இல்ல சார். தனிக் கொட்டா. ராணி மாரி வெச்சிருக்கேன்."

பிறகு அவர் கேட்டார், பிழைக்குமா என்று. எனக்குப் பொய் சொல்ல வராது. அதுவரை நான் திறந்து தைத்த குதிரைகளில் எழுந்து நின்றவை உண்டு. வீடு திரும்பியது ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன். மனோகர் என்னை முறைத்தான். பாய் கொஞ்ச நேரம் நூரியின் நெற்றியில் கை வைத்து நின்றார். "அறுக்கலேன்னா?" என்றார். செத்துவிடும் என்றேன். "அப்பறம் எதுக்கு சார் என்னைக் கேட்டுகினுகிறீங்க? கத்திய எடுங்க."

உருட்டல்

உடனே கத்தி எடுப்பதில்லை. இந்த வகைக்கு முதலில் ஒரு வித்தை உண்டு. மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்து, பின்னங்கால்களைத் தூக்கிக் குதிரையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் உருட்டினால், சில சமயம் குடல் தானே நழுவி இறங்கிவிடும். உருட்டினோம். உத்தரத்தில் கப்பி போட்டு ஏழுமலையின் ஆட்கள் இழுத்தார்கள். மறுபடி கை விட்டேன். அங்கேயே இருந்தது. மறுபடி உருட்டினோம். இறங்கவில்லை.

திறந்தேன். வழக்கம்போல் கரண்ட் போனது. கண்ணாடி ஷீட் வழியாக மழை வெளிச்சம். ஊசி குத்திக் காற்றை வெளியேற்றினேன். சைக்கிள் டயர் இறங்குகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு கை முழுக்க உள்ளே விட்டு, மாட்டிய குடலை மேலே தூக்கி, இந்தப் பக்கம் தள்ளினேன். இறங்கியது. நிறம் மங்கியிருந்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு காத்திருந்தோம். மெல்ல, ஓர் ஓரத்திலிருந்து, ரோஜா நிறம் வந்தது. மனோகருக்குக் கோயில் குளம் எதிலும் நம்பிக்கை கிடையாது. மயக்க மருந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டே சொன்னான்: "சார், இது மட்டும் வீடு போய்ச் சேர்ந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை நான் உங்க சர்ச்சுக்கு வந்து உக்காரேன். பாட்டும் பாடறேன்."

சுவர்

நூரி எழுந்தாள். கயிறு பிடித்தவர்களை இரண்டு தடவை இழுத்துத் தள்ளி, மூன்றாவது தடவை நின்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எழுந்து நிற்பதை முன்பும் பார்த்திருக்கிறேன்.

இனிமேல் ஒன்றே ஒன்றுதான். லத்தி. அது விழுந்தால் குடல் வேலை செய்கிறது. விழும் வரை தீனி கிடையாது. வாய்க்கூடை மாட்டி, நரம்பில் டிரிப் ஏற்றி, வாளியில் தண்ணீர் காட்டி, காதை வயிற்றில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் நடத்த வேண்டும். நூரி நடக்க மறுத்தாள். மில்லின் மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தண்ணீரைத் தொடவில்லை. காதில் சத்தமே இல்லை. எப்போதாவது தொலைவில் குழாய் சொட்டுகிற மாதிரி ஒன்று. அவ்வளவுதான்.

மனோகர் டியூட்டிக்குப் போனான். ஏழுமலை லோடுக்குப் போனான். நான் நாற்காலியைப் போட்டு அவள் பின்னால் உட்கார்ந்தேன். என் வீட்டு ஹாலிலும் ஒரு நாற்காலி சுவரைப் பார்த்துத்தான் கிடக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பாய் வாசலோடு நின்றார், உள்ளே வரவில்லை. ஏனய்யா, வந்து தடவிக் கொடேன் என்று கத்தினேன். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் அழுதா அது பாத்துடும் சார். அதுக்கு அப்பறம் தைரியம் போய்டும்."

ஜெபக் குறிப்பு

ஞாயிற்றுக்கிழமை. இன்னும் விழவில்லை. மனோகரை உட்கார வைத்துவிட்டு சர்ச்சுக்குப் போனேன். ஜெபக் குறிப்புகள் கேட்டார்கள், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கிரேஸுக்குக்கூட நான் கேட்டதில்லை, மற்றவர்கள் கேட்டார்கள். அன்றைக்கு எழுந்து, "நூரி. வயிற்றில் ஆபரேஷன். இன்னும் வெளிக்குப் போகவில்லை" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். வேறு விவரம் சொல்லத் தோன்றவில்லை. பாஸ்டர் உருக்கமாக ஜெபித்தார். அந்த மகளைத் தொட்டுச் சுகப்படுத்தும் என்றார். முழுச் சபையும் ஆமென் சொன்னது.

மதியம் மிஸஸ் தேவசகாயம் மில்லுக்கே வந்தார். கிரேஸோடு ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். கையில் மூன்றடுக்கு கேரியர். கீழே கஞ்சி, நடுவே பருப்புத் துவையல், மேலே அவித்த ஆப்பிள். நூரி எந்த வார்டு என்றார். மூலையைக் காட்டினேன். வெள்ளையான ஒரு பின்பக்கத்தையும் வாலையும் நெடுநேரம் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கஞ்சியைத் திருப்பி எடுத்துப் போவார் என்று நினைத்தேன். நாற்காலி பக்கத்தில் வைத்தார். "அண்ணா, அது சாப்பிடக் கூடாதுன்னா நீங்க சாப்பிடுங்க. ரெண்டு பேர்ல யாருக்கு ஆபரேஷன்னு பாத்தா தெரியல."

சாப்பிட்டேன்.

போர்வை

மறுநாள் காலை நூரியின் நாடி ஏறியிருந்தது. ஈறு காய்ந்திருந்தது. மனோகர் என் பக்கம் பார்க்காமல் டிரிப்பை மாற்றினான். பாய் வாசலிலிருந்து, "இன்னா சார்?" என்றார். இன்றைக்கும் இப்படியே நின்றால் நாளைக்கு இருக்க மாட்டாள், என்றேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், திரும்பி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது.

பத்து மணி வாக்கில் அதே டெம்போ. பின்னால் தார்ப்பாய், தார்ப்பாய்க்குள் பந்தல் துணி, பந்தல் துணிக்குள் ஏதோ நின்றது. மேலே இரண்டு காது தெரிந்தது. சரோஜாம்மா கடையிலிருந்து, "இன்னா பாய், பொண்ணு கூட்டாந்துகிறியா, முக்காடு போட்டு?" என்று கத்தினாள். பாய் அவளைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டு, கதவைச் சாத்திய பிறகுதான் துணியை எடுத்தார். கழுதை. சாம்பல் நிறக் கிழட்டுக் கழுதை. பெயர் மச்சான்.

மச்சான் மில்லை ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு கூரை ஷீட் அதிரக் கத்தியது. நூரி சுவரிலிருந்து திரும்பினாள். அத்தனை நாளில் நான் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். மூக்கால் ஒரு சின்னக் கனைப்பு. டிரிப் டியூபை இழுத்துக்கொண்டே நடந்து வந்தாள். மனோகர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். கழுதையின் முதுகில் கழுத்தை வைத்தாள். மச்சான் வாளியில் தண்ணீர் குடித்தது. அவளும் குனிந்து குடித்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டேனா இல்லையா என்று பாய் சட்டையைப் பிடித்தேன். விஷயம் இதுதான். கிண்டியிலிருந்து வாங்கிய நாளில் நூரி தனியாகத் தின்ன மாட்டேன் என்றிருக்கிறாள். தெருவில் திரிந்த கழுதை ஒன்று கொட்டகைக்குள் வர, அன்றிலிருந்து இரண்டும் ஒன்று. ஆனால் மாப்பிள்ளை ஏறுகிற குதிரை கழுதையோடு படுக்கிறது என்று தெரிந்தால் எந்தக் கல்யாண வீட்டில் கூப்பிடுவார்கள்? சம்பந்தி சண்டைக்கு அதுவே போதும். அதனால் கொட்டகைக்கு முன்பக்கம் குதிரைக்கு ஒரு கதவு, பின்பக்கம் கழுதைக்கு ஒரு கதவு. ஊருக்குத் தெரியாமல் பல வருஷம். சட்டையை விடுவித்துக்கொண்டு பாய் சொன்னார்: "நீங்க டாக்டரா கேட்டீங்க. நான் வியாபாரியா சொல்லிட்டேன் சார்."

லத்தி

அன்று முழுக்க இரண்டும் களத்தைச் சுற்றின. மச்சான் எங்கே போனதோ அங்கே நூரி போனாள். நான் என்ன இழுத்தும் எடுக்காத அடியை, கழுதைக்குப் பின்னால் எடுத்தாள். சாயங்காலம் காதை வைத்தேன். தூரத்து இடி மாதிரி வயிறு உருண்டது. மனோகரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். என் காதை நான் நம்பவில்லை. அவனும் கேட்டான். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். மரியாதை தெரியாதவன்.

மறுநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, களத்தில் பொத் பொத் என்று சத்தம். பிரஷ்ஷோடு ஓடினேன். ஆவி பறக்க, பச்சையும் பழுப்புமாக, சின்னச் சின்ன உருண்டைகள். கொஞ்சம் காய்ந்துதான் இருந்தன. இருந்தால் என்ன? ஏழுமலை தன் ஆட்களைக் கூட்டி வந்து காட்டினான். சரோஜாம்மா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அதுவரை அழாத பாய் அப்போது உட்கார்ந்து அழுதார், நூரிக்கு முன்னாலேயே. மருந்தா, கத்தியா, கழுதையா என்று மனோகர் கேட்டான். மூன்றும்தான், வாயை மூடு என்றேன். பாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்தார். "இன்னா வாசன சார். கல்யாண பிரியாணிகூட இப்டி வந்ததில்ல."

கடைசி பெஞ்சு

அவள் வீடு போன வாரம், மனோகர் சொன்னபடி சர்ச்சுக்கு வந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாடினான். பிரசங்கத்தில் தூங்கிவிட்டான். மிஸஸ் தேவசகாயம் அவனை ஒரு கண்ணாலும் என்னை ஒரு கண்ணாலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நூரிக்கு லத்தி வந்ததுக்கு நன்றி சொல்லியாச்சு. அடுத்த கேஸ் எப்போ அண்ணா? அரிசி ஊறவைக்கணும்."

மாப்பிள்ளை அழைப்பு

அடுத்த கேஸ் சீக்கிரம் வரவில்லை. மில் காலியாக இருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போடத் தோன்றாமல் அந்த மூலையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். கழுதை குடித்த வாளி அங்கேயே கிடந்தது. சரோஜாம்மா, "கத்திகினு கெடந்துச்சே, அது இல்லாம பேஜாரா கீது சார்" என்றாள். எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன்.

வைகாசியில் பாய் வந்தார். தைத்த இடம் நன்றாக ஆறிவிட்டது. சவாரிக்கு நானே சரி சொல்லியிருந்தேன். அஸ்தினாபுரத்தில் மாப்பிள்ளை அழைப்பு, பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை. சிக்கல் ஒன்றுதான். ஆபரேஷனுக்குப் பிறகு நூரி, மச்சான் கண்ணில் படாமல் ஓர் அடிகூட வைப்பதில்லை. ஊர்வலத்துக்கு முன்னால், அடுத்த தெருமுனையில், யாராவது கழுதையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊர்வலம் நெருங்கினால் அதற்கடுத்த முனைக்கு நகர வேண்டும். அவர் ஆள் நின்றால் ஊருக்குத் தெரிந்துவிடும். நான் நின்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பெரிய மனுஷன். திட்டி அனுப்பினேன். சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

பேண்டு வாத்தியம், சரவெடி, சீரியல் பல்பு. நடுவே நூரி, ஜிகினா போட்ட துணியில், மேலே வியர்த்த மாப்பிள்ளையுடன். காது இரண்டும் நேராக என் பக்கம். அவள் வயிற்றைப் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. முனைக்கு முனை மச்சானை இழுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தேன். கடைசி முனை மண்டப வாசல். அங்கே சந்தனமும் பன்னீரும் வைத்துக்கொண்டு நின்ற ஒருவர் என்னையும் கழுதையையும் பார்த்தார். வேட்டி கட்டிய பெரியவரை எப்படிக் கேட்பது என்று தயங்கி, பிறகு கேட்டார், "சார் பொண்ணு வீடா, மாப்ள வீடா?" கழுதை வீடு, என்றேன். அவர் முகம் மாறவே இல்லை. பன்னீரை என் மேல் தெளித்தார், மச்சான் மேலும் கொஞ்சம் விழுந்தது. "எந்த வூடா இருந்தா இன்னா சார், மொதல் பந்தி ஒக்காந்துடுச்சி. அத அந்தக் கம்பத்துல கட்டிட்டு வந்து எலையில ஒக்காருங்க."

இடம் மாறிய குடலைத் திருப்பி வைக்க எனக்குத் தெரியும். மற்றதற்கெல்லாம் கழுதை தேவைப்படுகிறது.